ஃபாக் லைட்டுக்குத் தனிக்குடித்தனம் தேவையா?

மார்கழி பிறந்துவிட்டால் மணலூர்பேட்டையில் முதலில் காணாமல்போவது தென்பெண்ணை ஆற்றுப் பாலம்தான். விடியற்காலை ஐந்து மணிக்குத் திருவண்ணாமலை பக்கமிருந்து வருகிறவருக்குப் பக்கத்திலிருக்கும் கைப்பிடிச் சுவர் தெரியும். எதிரே வருகிற வண்டி தெரியாது. தை பிறந்த பிறகும் இதே கதைதான். தை 5-ம் தேதி எங்கள் ஊர் ஆற்றுத் திருவிழா. திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்காக இங்கே எழுந்தருளும் நாள். காரிலும் வேனிலும் ஆட்டோவிலும் ஜனங்கள் கிளம்பி வருகிற நேரமும், பனி நன்றாக இறங்குகிற நேரமும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்.

இந்த இரண்டு மாதங்களில் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் கடைகளுக்கு ஒரு வேலை அதிகமாக வரும். “ஹெட்லைட் போட்டால்தான் ஃபாக் லைட் எரிகிறது. ஃபாக் லைட்டை மட்டும் தனியாக எரியவிட முடியுமா?” என் சித்தப்பாவும் போன வாரம் போனில் இதையேதான் கேட்டார். “ஏம்ப்பா, நீதான் நெட்ல எல்லாத்தையும் படிக்கிறியே... அந்த ஒயரைப் பிரிச்சி நேரா பேட்டரியில குடுத்துட்டா என்ன?” என்றார்.

முடியும். ஒரு ரிலே, ஒரு ஃப்யூஸ், ஒரு ஸ்விட்ச், சில மீட்டர் ஒயர். விவரம் தெரிந்தவருக்கு ஒரு மணி நேர வேலை. ஆனால், “நேராக பேட்டரியில் கொடுத்துவிட்டால் என்ன” என்கிற அந்தக் கடைசி வரியில்தான் ஆபத்து இருக்கிறது. ஃபாக் லைட்டை ஹெட்லைட்டிடமிருந்து பிரிக்கலாம். யாரோடும் சேராமல் தனிக்குடித்தனம் வைத்துவிடக் கூடாது. ஏன் என்பதுதான் இந்த வாரக் கட்டுரை.

இரண்டு விதமான பனி

நம் மாவட்டத்தில் ஓட்டுகிறவர்கள் சந்திப்பது இரண்டு விதமான மூட்டம். ஒன்று ஆற்றங்கரைப் பனி. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, நிலத்தில் ஈரம் நிற்கிற காலம். இரவில் வானம் தெளிந்துவிட்டால் பகலில் வாங்கிய சூட்டை நிலம் வேகமாக இழந்துவிடும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, அதிலிருக்கும் ஈரம் நுண்ணிய நீர்த்துளிகளாக மாறி அங்கேயே நிற்கும். ஆற்றோரம், ஏரிக்கரை, கரும்பு வயல், நெல் வயல் எல்லாம் இதற்குத் தோதான இடங்கள். வெயில் ஏறினால் கலைந்துவிடும்.

இன்னொன்று கல்வராயன்மலைப் பனி. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து வெள்ளிமலைக்கு ஏறுகிறவர்களுக்குத் தெரியும். அது பனி என்பதைவிட, மலையில் வந்து உட்கார்ந்த மேகம். ஒரு வளைவில் வெயில் அடிக்கும், அடுத்த வளைவில் பானெட்டே தெரியாது. மார்கழிதான் என்றில்லை, மழைக்காலத்தில் எந்த நேரத்திலும் வரும்.

ஆயிரம் மீட்டருக்குக் குறைவாகத் தெரிந்தாலே வானிலைத் துறையின் கணக்கில் அது மூடுபனி. 200 மீட்டருக்கும் கீழே போனால் அடர்ந்த மூடுபனி. 50 மீட்டருக்கும் கீழே போனால் மிக அடர்ந்த மூடுபனி. 50 மீட்டர் என்பது ஏறக்குறைய ஐந்து பேருந்துகளை வரிசையாக நிறுத்தினால் வருகிற நீளம். அவ்வளவுதான்.

அந்த 50 மீட்டரை வேகத்தோடு சேர்த்துப் பாருங்கள். ஆபத்தைப் பார்த்து, மூளை சொல்லி, கால் பிரேக்கில் பதிய ஒன்றரை நொடி என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த தார்ச்சாலையில் 40 கி.மீ. வேகத்தில் போகிற கார் முழுதாக நிற்கச் சுமார் 27 மீட்டர் வேண்டும். 60 கி.மீ. வேகத்தில் சுமார் 48 மீட்டர். 80-ல் போனால் 70 மீட்டருக்கு மேல். சாலை ஈரமாக இருந்தால் இன்னும் கூடும். அதாவது, மிக அடர்ந்த பனியில் 60-ல் போகிறவர் கண்ணுக்குத் தெரிகிற தூரம் முழுவதையும் செலவழித்துத்தான் நிற்கிறார். இந்தக் கணக்கை எந்த விளக்கும் மாற்றாது. விளக்கு பற்றிப் பேசுவதற்கு முன் இதை மனதில் வைத்துக்கொள்வோம்.

பிரைட் போட்டால் ஏன் சுவர் எழும்புகிறது?

பனியில் பிரைட் போட்டுப் பார்க்காத டிரைவர் இருக்க மாட்டார். போட்டதும் கண்ணுக்கு முன்னால் வெள்ளைச் சுவர் ஒன்று எழும்பி நிற்கும். காரணம் எளிது. ஒளி முன்னால் போகிற வழியில் கோடிக்கணக்கான நீர்த்துளிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒளியை நாலா பக்கமும் சிதறடிக்கிறது. அதில் ஒரு பங்கு நம் கண்ணுக்கே திரும்பி வருகிறது. கண்ணுக்கு நேராக நீண்டு போகிற கதிர் எவ்வளவு வலுவோ, அவ்வளவு வெளிச்சம் திரும்பும். அதனால் பனியில் பிரைட் என்பது நம் கண்ணில் நாமே டார்ச் அடித்துக்கொள்வது மாதிரி.

டிம் கொஞ்சம் கீழே பார்க்கிறது என்பதால் பரவாயில்லை. ஃபாக் லைட் இன்னும் கீழே போகிறது. அது பம்பரில், தரைக்குப் பக்கத்தில் இருக்கும். கார்களுக்கான சர்வதேச விதிமுறையில் அதன் உயரம் தரையிலிருந்து 25 சென்டிமீட்டருக்குக் குறையாமலும் 80 சென்டிமீட்டருக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். அதன் ஒளி அகலமாக இருக்கும், அதிக தூரம் போகாது. மேல் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல நேராக இருக்கும். அந்த விளிம்புக்கு மேலே வெளிச்சம் மிகக் குறைவு. அதனால் கண்ணுக்கு நேரே இருக்கும் பனி அதிகம் ஒளிராது. கீழே சாலையின் வெள்ளைக் கோடும் மண் ஓரமும் தெரியும். ஃபாக் லைட்டின் வேலை தூரத்தைக் காட்டுவதல்ல, சாலையின் ஓரத்தைக் காட்டுவது.

இதிலிருந்து இன்னொன்றும் புரியும். ஃபாக் லைட் எரியும்போது பிரைட்டும் எரிந்தால் ஃபாக் லைட்டால் எந்தப் பயனும் இல்லை. “பிரைட் போட்டால் ஃபாக் லைட் அணைந்துவிடுகிறது, அதைச் சரிசெய்து கொடுங்கள்” என்று கடைக்குப் போகிறவர்கள் பனிக்காக அதைக் கேட்க வேண்டாம்.

மஞ்சள் விளக்குதான் பனியைத் துளைக்கும் என்றொரு நம்பிக்கையும் நம்மிடம் உண்டு. பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியவை. அதனால் மஞ்சளையும் வெள்ளையையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். பிரான்ஸில் 1993 வரை கார் ஹெட்லைட்டே மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும் என்ற விதி இருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள். மஞ்சள் சிலருக்குக் கண் கூசாமல் இதமாக இருக்கலாம், அதற்காகப் போடலாம். விதிமுறையும் வெள்ளை, மஞ்சள் இரண்டையும் அனுமதிக்கிறது. ஆனால் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் பனி வழிவிடும் என்று நம்பி வேகத்தைக் கூட்டாதீர்கள்.

முதலில் உங்கள் காரைச் சோதியுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் ஒரு நிமிடச் சோதனை. சாவியைத் திருப்புங்கள். லைட் ஸ்விட்சை முதல் நிலையில், அதாவது பார்க்கிங் லைட்டில் மட்டும் வையுங்கள். ஹெட்லைட் வேண்டாம். இப்போது ஃபாக் லைட் ஸ்விட்சைப் போடுங்கள். சில கார்களில் அது ஸ்டீயரிங் பக்கத்துக் குச்சியில் இருக்கும் வளையம். சிலவற்றில் டாஷ்போர்டில் தனிப் பொத்தான். விளக்கு எரிந்தால் உங்கள் காரில் ஃபாக் லைட் ஏற்கெனவே ஹெட்லைட்டைச் சாராமல்தான் இருக்கிறது. நீங்கள் எதையும் வெட்ட வேண்டியதில்லை. காரோடு வந்த கையேட்டில் இது எழுதியிருக்கும். அந்தப் புத்தகம் பெரும்பாலான வீடுகளில் பிளாஸ்டிக் கவரோடு டாஷ்போர்டுக்குள் தூங்குகிறது.

இப்படி அமைப்பதற்குக் காரணம் உண்டு. ஐக்கிய நாடுகள் சபையின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் வைத்திருக்கும் 48-ம் எண் விதிமுறை, முன்பக்க ஃபாக் லைட்டை டிம், பிரைட் இரண்டையும் சாராமல் போடவும் அணைக்கவும் முடிய வேண்டும் என்கிறது. கூடவே ஒரு நிபந்தனையும் வைக்கிறது. ஃபாக் லைட் எரிகிறதென்றால் முன்னும் பின்னும் இருக்கும் சின்ன விளக்குகள், நாம் பார்க்கிங் லைட், டெயில் லைட் என்கிறோமே, அவையும் எரிந்தாக வேண்டும். விளக்குகளைப் பொருத்துவது பற்றிய நம் நாட்டின் ஏ.ஐ.எஸ்-008 தரமும் இதை ஒட்டியதுதான். அமெரிக்கச் சந்தைக்கான கார்களில் வழக்கம் வேறு. அங்கே பெரும்பாலும் டிம் எரியும்போது மட்டும் ஃபாக் லைட் எரியும், பிரைட் போட்டால் அணையும். எந்த வழக்கத்தைப் பின்பற்றி ஒயரிங் செய்தார்கள் என்பது மாடலுக்கு மாடல் மாறும். கம்பெனி கொடுக்காமல் பின்னால் கடையில் மாட்டிய விளக்கு என்றால், மாட்டியவர் கைக்கு எந்த ஒயர் எட்டியதோ அதுதான் விதி!

அந்த 48-ம் விதியின் நிபந்தனையை இன்னொரு முறை படியுங்கள். இந்தக் கட்டுரையின் சாரமே அதில் இருக்கிறது. ஹெட்லைட்டிடமிருந்து விடுதலை உண்டு. டெயில் லைட்டிடமிருந்து கிடையாது.

ரிலே என்ன செய்கிறது?

ஒயரிங் என்றதும் பயப்பட வேண்டாம். ஒரு 55 வாட் ஹாலஜன் பல்பு என்றால் இரண்டுக்கும் சேர்த்து 110 வாட். 12 வோல்ட்டில் அது 9 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல். இவ்வளவு மின்சாரத்தை டாஷ்போர்டில் இருக்கும் சின்ன ஸ்விட்ச் வழியாக அனுப்பினால் ஸ்விட்ச் சூடாகி உருகும். அதனால்தான் நடுவில் ரிலே.

ரிலே என்பது ஒரு சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடுகிற கதவு. நாலு பின் ரிலேயின் அடியில் 30, 87, 85, 86 என்று எண்கள் இருக்கும். பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து ஃப்யூஸ் வழியாக வரும் தடித்த ஒயர் 30-ல் சேரும். 87-லிருந்து விளக்குக்குப் போகும். 85 எர்த். 86-க்கு ஸ்விட்ச் வழியாக ஒரு மெல்லிய ஒயர் வரும். அந்த மெல்லிய ஒயரில் மின்சாரம் வந்தால் உள்ளே இருக்கும் காந்தம் கதவை இழுத்துத் திறக்கும், விளக்கு எரியும்.

ஆக, விளக்குக்குச் சோறு போடுவது எப்போதும் பேட்டரிதான். ‘எப்போது எரியலாம்’ என்று உத்தரவு கொடுப்பது அந்த மெல்லிய ஒயர். அதை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதே கேள்வி. மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, ஹெட்லைட் ஒயரிலிருந்து எடுப்பது. ஹெட்லைட் எரிந்தால்தான் ஃபாக் லைட் எரியும். இதில் டெயில் லைட்டும் எரியும் என்பதால் பின்பக்கம் பயமில்லை. ஆனால் ஹெட்லைட் சர்க்யூட்டில் ஃப்யூஸ் போனாலோ ஸ்விட்ச் பழுதானாலோ, ஃபாக் லைட்டும் சேர்ந்து அணைந்துவிடலாம். மலை வளைவில் மேகத்துக்குள் இருக்கும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஃபாக் லைட் தனியாக இருப்பதன் உண்மையான பலன் இதுதான். ஒன்று போனாலும் இன்னொன்று நம்மை ஓரம் வரை கொண்டுவந்து சேர்க்கும்.

இரண்டாவது வழி, என் சித்தப்பா சொன்ன ‘நேரா பேட்டரி’. வண்டியை அணைத்துச் சாவியை எடுத்த பிறகும் ஸ்விட்ச் போட்டால் எரியும். மறந்துவிட்டு இறங்கிப் போனால் மணிக்கு 9 ஆம்பியர் வீதம் தீரும். சின்ன கார்களில் இருக்கும் 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி நாலு மணி நேரத்துக்குள் காலி. வண்டி ஸ்டார்ட் ஆகாத நிலை அதற்கு முன்பே வந்துவிடும். சரி, பேட்டரிக்குப் பதிலாகச் சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வருகிற இக்னிஷன் ஒயரில் கொடுத்தால்? பேட்டரி பிழைக்கும். ஆனால் பெரிய குறை அப்படியே இருக்கும். ஃபாக் லைட் மட்டும் எரியும், பின்னால் எதுவும் எரியாது.

மூன்றாவது வழி, பார்க்கிங் லைட் ஒயரிலிருந்து எடுப்பது. ஹெட்லைட் எரிந்தாலும் எரியாவிட்டாலும் ஃபாக் லைட்டைப் போடலாம். ஆனால் பார்க்கிங் லைட் இல்லாமல் போட முடியாது. பார்க்கிங் லைட் எரிந்தால் டெயில் லைட் எரியும். ஓட்டுகிறவர் மறந்தாலும் ஒயர் மறக்காது. சித்தப்பாவுக்கு நான் சொன்னது இதைத்தான். “86-க்குப் பார்க்கிங் லைட்லேருந்து எடுக்கச் சொல்லுங்க சித்தப்பா. பேட்டரியிலேருந்து எடுக்கறேன்னு கடைக்காரர் சொன்னா வேணாம்னுடுங்க.”

பின்னால் வருகிறவருக்கு யார் விளக்கு?

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன்? பனியில் ஃபாக் லைட் போட்டதும் நமக்குச் சாலை தெரிகிறது. டாஷ்போர்டும் வெளிச்சமாக இருக்கும். எல்லா விளக்கும் எரிகிறது என்று மனம் நம்பிவிடும். பின்னால் நம் கார் இருட்டாகப் போய்க்கொண்டிருக்கும். நமக்குப் பின்னால் லாரி ஓட்டி வருகிறவருக்கு நாம் இருப்பதே தெரியாது. தெரியும்போது அவருக்கு மிச்சமிருக்கும் தூரம் எவ்வளவு என்று மேலே கணக்குப் போட்டோமே, அவ்வளவுதான்.

நம் பகுதியில் ஓட்டுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. கரும்பு வெட்டும் பனிக்காலமும் ஒன்றாக வருகிறபோது, டிராக்டர் டிரெய்லர்கள் தலைக்கு மேல் கரும்போடு விடிவதற்கு முன்பே கிளம்பும். பின்பக்கம் தொங்குகிற தோகை, விளக்கு இருந்தாலும் மறைத்துவிடும். சிவப்பு ரிஃப்ளெக்டர் இருந்தால் அதையும் மறைத்துவிடும். பனியில் அப்படி ஒரு டிரெய்லர் திடீரென்று முளைக்கும்போது நமக்கு வருகிற கோபம் நியாயமானது. டெயில் லைட் இல்லாமல் ஃபாக் லைட்டோடு மட்டும் போகிற காரும் பின்னால் வருகிறவருக்கு அதே டிரெய்லர்தான்.

புதிய கார் வைத்திருப்பவர்கள் இதிலிருந்து தப்பித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அவர்களுக்கு வேறு இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, பகலிலும் முன்னால் எரிகிற டி.ஆர்.எல். விளக்கு. பல கார்களில் அது எரியும்போது பின்விளக்கு எரியாது. இன்னொன்று, ‘ஆட்டோ’ நிலையில் விட்ட ஹெட்லைட். அதன் சென்சார் அளப்பது வெளிச்சத்தை, தெளிவை அல்ல. காலை ஏழு மணிப் பனி வெள்ளை வெளேரென்று இருக்கும். சென்சாருக்கு அது பட்டப்பகல். விளக்கைப் போடாது. பனியில் ‘ஆட்டோ’வை நம்பாமல் கையால் திருப்பிப் போடுவதே நல்லது.

சில கார்களில் பின்பக்க ஃபாக் லைட்டும் இருக்கும். சாதாரண டெயில் லைட்டைவிடப் பல மடங்கு பிரகாசமான சிவப்பு விளக்கு அது. அடர்ந்த பனியில் அதைவிட நல்ல துணை இல்லை. பனி விலகியதும் கட்டாயம் அணையுங்கள். இல்லாவிட்டால் பின்னால் வருகிறவருக்குக் கண் கூசும், நாம் பிரேக் அடிப்பதும் சட்டென்று தெரியாது.

கடையில் கேட்க வேண்டியவை

உங்கள் கார் சோதனையில் தேறவில்லை, ஒயரிங் மாற்றத்தான் வேண்டும் என்றால், வேலை செய்பவரிடம் இவற்றைக் கேளுங்கள்.

ஃப்யூஸ் எங்கே? பேட்டரியின் பிளஸ் முனைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ஃப்யூஸுக்கும் பேட்டரிக்கும் நடுவில் ஒயர் உரசி ஷார்ட் ஆனால் தடுக்க எதுவும் இல்லை. 55 வாட் பல்பு இரண்டுக்கு 15 ஆம்பியர் ஃப்யூஸ் போதும். ‘அடிக்கடி போகிறது’ என்று 30 போடச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஃப்யூஸ் போவது நோயல்ல, நோயின் அறிகுறி.

ஒயர் எவ்வளவு தடிமன்? விளக்குக்குப் போகும் ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டர் இருந்தால் நிம்மதி. மெல்லிய ஒயர் சூடாகும், வெளிச்சமும் மங்கும். வீட்டு ஒயரிங்குக்கான மிச்ச ஒயர் வேண்டாம். இன்ஜின் பக்கத்துச் சூட்டையும் எண்ணெயையும் தாங்குகிற வண்டி ஒயராக இருக்கட்டும்.

எர்த் எங்கே? பெயின்ட் மேல் ஸ்க்ரூ போட்டு முறுக்கிவிட்டால் சில மாதங்களில் துரு பிடிக்கும். பாடியில் சுத்தமான உலோகப் பரப்பு வேண்டும். இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றுவதைவிட, தண்ணீர் புகாத கப்ளர் போடுவது மேல். ஃபாக் லைட் இருப்பது பம்பரின் அடியில். சேறும் தண்ணீரும் முதலில் வருவது அங்கேதான்.

மாட்டுவது ஃபாக் லைட்தானா? சந்தையில் அந்தப் பெயரில் விற்கப்படுகிற பலதும் நீண்ட தூரம் அடிக்கிற ஸ்பாட் லைட். கண்ணாடியில் பொறித்திருக்கும் ஆங்கில எழுத்துகளைப் பாருங்கள். ‘பி’ என்றோ ‘எஃப்3’ என்றோ இருந்தால் அது ஃபாக் லைட்டுக்கான சர்வதேசக் குறி. ஹாலஜனுக்காகச் செய்த விளக்குக்குள் எல்.இ.டி. பல்பைச் செருகினாலும் சிக்கல்தான். ஒளி வருகிற இடம் மாறிவிடுவதால் அந்த நேர் விளிம்பு குலைந்து, வெளிச்சம் மேலே சிதறும். பனியில் நமக்கும், மற்ற நாட்களில் எதிரே வருகிறவருக்கும் தொல்லை.

எங்கே பார்க்கிறது? சமதரையில் சுவரிலிருந்து 25 அடி தள்ளிக் காரை நிறுத்துங்கள். சுவரில் விழும் ஒளியின் மேல் விளிம்பு, விளக்கின் நடுப்புள்ளி உயரத்தைவிடச் சுமார் 10 சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். மேலே ஏறியிருந்தால் அது ஃபாக் லைட் வேலையைச் செய்யாது.

புதிய கார்களில் ஒரு எச்சரிக்கை. இப்போதெல்லாம் ஸ்விட்சிலிருந்து விளக்குக்கு நேராக ஒயர் போவதில்லை. நடுவில் ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் ஸ்விட்ச் போட்டதும் அதுதான் யோசித்து விளக்கை எரியவிடுகிறது. அப்படிப்பட்ட காரில் இடையில் ஒயரை வெட்டினால் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு வரலாம், வாரன்டி பற்றிக் கேள்வி வரலாம். அங்கே வெட்டுவதை விட்டுவிட்டு, நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் கேட்பதுதான் சரி.

சட்டமும் கவனத்தில் இருக்கட்டும். பதிவுச் சான்றிதழில் உள்ள, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சேர்த்தார்கள். அதனால் உங்கள் மாடலுக்கென்று நிறுவனமே விற்கிற ஃபாக் லைட் கிட் இருந்தால் அதற்கே முதலிடம். மாற்றம் செய்தால் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

ஸ்விட்ச் கிடைத்துவிட்டது, பிறகு?

ஃபாக் லைட் தனியாக எரிகிறது என்பதற்காக ஹெட்லைட்டை அணைத்துவிட்டு ஓட்டலாம் என்று அர்த்தமில்லை. சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்குப் பிறகும், வெளிச்சம் போதாத எந்த நேரத்திலும் ஹெட்லைட் எரிய வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி 105. ஆகவே பனியில் ஓடும்போது டிம், ஃபாக் லைட், டெயில் லைட் மூன்றும் எரியட்டும். பிரைட் வேண்டாம். மேகத்துக்குள் மாட்டி, டிம் வெளிச்சமே கண்ணில் அடித்து எதுவும் தெரியவில்லை என்றால், ஓட்டுவதையே நிறுத்த வேண்டிய நேரம் அது. அப்போது சாலை ஓரத்தைக் கண்டுபிடித்து ஒதுங்க அந்தத் தனி ஸ்விட்ச் உதவும். ஒதுங்கியபின் ஹசார்ட் போட்டு நில்லுங்கள். ஓடுகிற வண்டியில் ஹசார்ட் வேண்டாம். எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்று பின்னால் வருகிறவருக்குச் சொல்ல இண்டிகேட்டர் மிச்சமிருக்காது. ஓடுகிற வண்டியா, நிற்கிற வண்டியா என்றும் அவருக்குக் குழப்பம் வரும்.

கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்தால் ஏ.சி.யைப் போட்டுக் காற்றைக் கண்ணாடிக்குத் திருப்புங்கள். ‘வெளியே பனி அதிகம்’ என்று நாம் நினைப்பதில் பாதி சில சமயம் உள்ளேதான் இருக்கும். பனி விலகியதும் ஃபாக் லைட்டை அணையுங்கள். தெளிந்த இரவில் அது பக்கத்துத் தரையை அதிகமாக வெளிச்சமாக்கிவிடும், தூரத்து இருட்டு நமக்கு இன்னும் இருட்டாகத் தெரியும்.

ஆற்றுத் திருவிழாவுக்கோ வெள்ளிமலைக்கோ குடும்பத்தோடு கிளம்பும் முன், இருட்டியபின் வீட்டு வாசலில் இதைச் செய்துபாருங்கள். ஃபாக் லைட்டை மட்டும் போட்டுவிட்டு இறங்குங்கள். முன்பக்கம் நின்று பார்க்க வேண்டாம், அது எரிவது உங்களுக்கே தெரியும். நேராகப் பின்பக்கம் போங்கள். இரண்டு சிவப்பு விளக்குகளும் எரிந்தால் ஒயரிங் சரி. பின்பக்கம் இருட்டாக இருந்தால், மறுநாள் காலை முதல் வேலையாக ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் போய் அந்த மெல்லிய ஒயரைப் பார்க்கிங் லைட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள்.